தடிக்காத கை

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முடித்த உடனே ஒரே கேள்விதான் வருகிறது: "அப்புறம் எத்தனை வருஷம் இருந்தாங்க?" படித்தவர்கள் கேட்கிறார்கள். டாக்டர்கள் கேட்கிறார்கள். ஒருமுறை கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். நான் சொல்வதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. எச்.ஐ.வி. என்று காதில் விழுந்த நிமிஷமே ஒரு மனுஷியைப் பாடையில் ஏற்றிவிட்டு, எப்போது தூக்கினார்கள் என்று விசாரிக்கும் இந்தப் பழக்கத்தின்மேல் எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம். அவளுடைய பெண்ணைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றாள். அதனால் யார் பேரும் இதில் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்தாறு வயது. மயிலாப்பூரில் வீடு, அடையாறில் வேலை. சின்ன ஆய்வுக்கூடம். காசநோய்க் கிருமி உடம்புக்குள் நுழைந்தால் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. நான் டெக்னீஷியன், புதுசு. ரத்தத்தை ஒரு திரவத்தின்மேல் மெதுவாக வழியவிட்டு மெஷினில் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் போய்விடும். நடுவில் பாலேடு மாதிரி ஒரு மெல்லிய வெள்ளை வளையம் நிற்கும். அந்த வளையத்தில்தான் எங்களுக்கு வேண்டிய அணுக்கள் இருக்கும். அதை உறிஞ்சி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் போட்டு, கிருமியிலிருந்து எடுத்த புரதத்தைத் துளி சேர்த்து, உடம்புச் சூட்டில் ஆறு நாள் வைக்க வேண்டும். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

நோயாளியின் அணுக்களோடு ஒப்பிட நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு வெளியாள் யார் வருவார்கள்? நாங்களே கையை நீட்டுவோம். அப்படிக் கொடுக்கிறவருக்குத் தட்டில் 'கண்ட்ரோல்' என்று பேர். வீட்டில் யாருக்கும் அடங்காதவள் என்று பேர் வாங்கிய எனக்கு ஆபீசில் 'கண்ட்ரோல்' என்று பேர். இதைச் சொல்லி அம்மா பாதி மயிலாப்பூரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். என் அணுக்களும் என்னை மாதிரிதான் இருந்தன. கிருமியின் வாசனை பட்டதுமே குழாயடிச் சண்டைக்குக் கூட்டம் கூடுகிற மாதிரி கும்பல் கும்பலாகக் கூடி, ஆறு நாளில் ஒன்று பத்தாகப் பெருகி நிற்கும்.

அந்த வேலையில் சேர்ந்த வாரம் எல்லாருக்கும் முன்கையில் தோல் ஊசி போட்டார்கள். அதே கிருமியின் புரதம்தான். தோலுக்கு அடியில் கொசு கடித்த மாதிரி சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பி அடங்கும். மூன்றாம் நாள் அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். கிருமியை ஏற்கெனவே சந்தித்த உடம்பாக இருந்தால் அணுக்கள் ஓடிவந்து அந்த இடத்தில் குவியும், கை தடிக்கும். எனக்கு ஒரு ரூபாய் நாணயத்துக்குக் குறையாமல் தடித்துவிட்டது. நம் ஊரில் பஸ்ஸில் போய் வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்குத் தடிக்கும், அதனால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அதைப் பூச்சிக்கடி என்று முடிவு கட்டி மூன்று நாள் சந்தனம் அரைத்துப் பூசினாள்.

பிறகு நானே அந்தத் தடிப்பை அளக்கக் கற்றுக்கொண்டேன். பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல இழுத்துவர வேண்டும். எங்கே பேனா முட்டி நிற்கிறதோ அங்கே தடிப்பு ஆரம்பம். இரண்டு பக்கமும் அப்படிக் கோடு போட்டு நடுவே அளக்க வேண்டும். சிவப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டே மாதத்தில் அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைக்க ஒரு அக்கா வருவாள். கோட்டூர்புரத்தில் ஆற்றோரத்து ஹவுசிங் போர்டு வீடு. எங்கள் தெருவிலேயே நாலு வீடு செய்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் லாரி டிரைவர். இரண்டு வருஷம் முன்னால் வயிற்றுப்போக்கு நிற்காமல், துரும்பாக இளைத்துப் போய்ச் செத்துப்போனார். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண். அக்காவுக்கு வாய் அதிகம். எனக்கும் அதிகம். சமையலறை வாசலில் நின்று நாங்கள் இருவரும் தெருவில் ஒருத்தரை விடாமல் கிழிப்போம். அம்மா உள்ளேயிருந்து தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் பிடித்தது. மூன்று வாரமாகியும் விடவில்லை. சாயங்காலம் அம்மா ஹாலில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஆறு பெண் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். அவர்கள் சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து லொக் லொக் என்று சத்தம் வரும். குழந்தைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களில் ஒருத்தர் மூக்கைச் சுளித்தார். அன்று ராத்திரி அம்மா என்னிடம், "நீதான் அந்த ஆபீஸ்ல இருக்கியே, இவளை அழைச்சுண்டு போய் என்னன்னு பாரேன்" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பயந்துபோயிருந்தாள்.

அழைத்துப் போனேன். சளியைப் பார்த்தார்கள், கிருமி இல்லை. கையில் ஊசியை நானே போட்டேன். மூன்றாம் நாள் காலையில் எங்கள் சமையலறையிலேயே அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பேனாவை இழுத்தேன். எங்கேயும் முட்டவில்லை. திரும்ப இழுத்தேன். வழவழவென்று ஓடியது. ஊசி போட்ட இடமே தெரியவில்லை.

"இன்னா பாப்பா, வீங்கவே இல்லியே. நல்லதுதான?"

"ஒண்ணுமில்லக்கா. நெகட்டிவ்" என்றேன். பெரிய மேதாவி மாதிரி.

ஆபீஸ் ரிஜிஸ்டரில் சைபர் என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 'நெகட்டிவ்' என்று எழுதினேன். அளந்ததில் தப்பில்லை. இன்றைக்கு அளந்தாலும் அதே சைபர்தான் வரும். அக்கா தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு சூறைத் தேங்காய் உடைத்தாள். அம்மா பாட்டுக்கு வரும் குழந்தைகளின் அம்மாக்களிடம் எல்லாம், டெஸ்ட் பண்ணியாச்சு, அவளுக்கு ஒண்ணுமே இல்லை, என் பொண்ணே பார்த்தா என்று பெருமையாகச் சொன்னாள். அக்காவுக்கு இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தோம். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் ஆபீசில் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசை என் அணுக்கள், வழக்கம்போலக் கும்பல். கீழ் வரிசை ஒரு நோயாளியுடையது. எச்.ஐ.வி. உள்ளவர், காசநோயும் முற்றியிருந்தது, கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த ஸ்லைடு முழுக்கக் கிருமி. இத்தனை கிருமியோடு இருக்கிறவரின் அணுக்கள் ஆறு நாள் கழித்தும் கொட்டி வைத்த ரவை மாதிரி தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றுகூட இன்னொன்றோடு சேரவில்லை. புரதம் போட மறந்துவிட்டேனோ என்று பயந்து, அவருடைய பைலை எடுத்துப் பார்த்தேன். தோல் ஊசி: சைபர். என் கையெழுத்து.

எங்கள் லேபின் தலைவி ஒரு பெண் டாக்டர். நாங்கள் மேடம் என்போம். அதட்டிப் பேசத் தெரியாதவர். அவரிடம் போய், உடம்பெல்லாம் கிருமி இருக்கிறவருக்குக் கை ஏன் தடிக்கவில்லை என்று கேட்டேன்.

"தடிக்கிறது கிருமியால இல்லைம்மா. தடிக்க வைக்கிறது உன் அணுக்கள். எச்.ஐ.வி. முதல்ல அடிக்கிறதே அந்த அணுக்களைத்தான். சண்டைக்கு ஆள் இல்லேன்னா கை எப்படித் தடிக்கும்?" என்றார். அப்புறம் சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார். "நம்ம ஊர்ல வளர்ந்த ஒருத்தர் மூணு வாரமா இருமிக்கிட்டு வந்து, கை வழவழன்னு இருந்தா நான் சந்தோஷப்பட மாட்டேன். அவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன்."

பத்து வாரமாக அக்கா அந்த வழவழப்பான கையோடுதான் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளைத்துக்கொண்டே வந்தாள். வேலை அதிகம், சாப்பாடு சரியில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். புருஷன் எப்படிச் செத்தார் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் கண்முன்னால் இருந்தது. நான் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடத்திடம் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாளைக்கே அழைத்து வா என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே கோட்டூர்புரம் போனேன். மாடிப்படி ஏறும்போதே இருமல் கேட்டது. அக்கா தரையில் பாயில் படுத்திருந்தாள். கழுத்தில் ஒரு பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. முந்தானையால் மூடி மூடியே வேலைக்கு வந்திருக்கிறாள். நான்தான் தப்பாகச் சொன்னேன், கை தடிக்காமல் இருந்ததே சந்தேகப்பட வேண்டிய விஷயம், எனக்கு அது தெரியவில்லை என்று அவள் பெண்ணை வைத்துக்கொண்டே சொன்னேன். அக்கா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அறையப்போகிறாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"அந்தத் தேங்கா வேஸ்டாப் போச்சா?" என்றாள். "பிள்ளையாராண்ட நீயே போய் சொல்லு பாப்பா. நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் மேடம் அவளைத் தனியாக உட்காரவைத்து, என்ன டெஸ்ட், எதற்கு என்று எல்லாம் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுத்தார். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. முடிவு வந்த அன்று அக்கா என்னையும் உள்ளே வரச் சொன்னாள். எச்.ஐ.வி. இருக்கிறது என்று மேடம் சொன்னதும் அவள் முகம் மாறவே இல்லை. அந்த ஆள் போனபோதே எனக்குத் தெரியும், வாயால் சொல்லத்தான் ஆள் வேண்டியிருந்தது என்றாள். பிறகு பெண்ணுக்கு இருக்குமா என்று கேட்டாள். பெண்ணுக்கும் பார்த்தோம். இல்லை. அன்றைக்குத்தான் அக்கா அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், லேப் வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க.

கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்ததை நானே சாயம் ஏற்றிப் பார்த்தேன். நீலத்துக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகக் குச்சிகள், எண்ண முடியாத அளவுக்கு. நல்ல அணுக்கள் இருக்கிற உடம்பில் ஒரு ஸ்லைடு முழுக்கத் தேடினாலும் நாலைந்துதான் கண்ணில் படும், அணுக்கள் அவற்றை வளைத்து அடக்கி வைத்திருக்கும். இங்கே தடுக்க ஆளில்லாமல் திருவிழாக் கூட்டம் போல நின்றன. காசநோய்க்கு மருந்து இருக்கிறது, ஆறு மாசம் விடாமல் சாப்பிட்டால் அணுக்கள் உதவாவிட்டாலும் மருந்து இந்தக் கிருமியைக் கொல்லும் என்றார் மேடம். இன்னொன்றுக்கு அப்போது நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டுகிற மருந்து கிடையாது. ஒன்றையாவது விரட்டுவோம் என்றார்.

மாத்திரை கொடுக்கும் இடம் வேறு. அந்த ஆஸ்பத்திரியின் பேரும் வேண்டாம். மேடம் கொடுத்த கடிதத்தோடு அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் கடிதத்தைப் படித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார், இங்கிலீஷில். சளியில் கிருமி இல்லை, அதனால் இவரால் யாருக்கும் ஒட்டாது. அந்த நோய் வேறு இருக்கிறது, எப்படியும் ரொம்ப நாள் இல்லை. ஆறு மாச மருந்தை இவருக்குக் கொடுத்து வீணாக்குவதைவிடப் பிழைக்கக் கூடியவருக்குக் கொடுக்கலாம். ரொம்ப நிதானமாக, நியாயம் பேசுகிற குரலில் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பிழைக்கக் கூடியவர் யார் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று கேட்டேன். வார்த்தை தடித்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் இன்னும் என்னென்ன கேட்டிருப்பேனோ, அக்கா என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்திருந்தது.

"சாவறது என் வேலை சார். அத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். "மாத்திரை குடுக்கறது உன் வேலை. அத்த நீ பாரு."

கத்தவில்லை. எங்கள் வீட்டில் சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு ஒரு மஞ்சள் கார்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எழுதினார், அது போதும்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. காசநோய் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை, அது அக்காவின் விஷயம், அவள் சொன்னால் ஒழிய யாருக்கும் உரிமையில்லை. வாய் ஓயாத எனக்கு அந்த ஒன்று மட்டும் தொண்டைக்குள்ளேயே நின்றது. கழுத்துக் கட்டி யாருக்கும் ஒட்டாது, சளியிலும் கிருமி இல்லை என்று அம்மாவுக்குப் பத்துத் தடவை விளக்கினேன். அம்மா கேட்கவில்லை, அக்கா வேலைக்கு வர வேண்டாம் என்றாள். அன்றைக்கு நெகட்டிவ் என்றாயே, அதையும் இப்படித்தான் அடித்துச் சொன்னாய் என்றாள்.

"நான் என்ன ராட்சசியாடி? ஆறு பொண் கொழந்தைகள் நம்மாத்துக்கு வந்து வாயைத் தொறந்து பாடறதுகள். அவா அம்மால்லாம் கேட்டா நான் என்ன சொல்றது? குணமாயிடுத்துன்னு டாக்டர் கையால எழுதி வாங்கிண்டு வரட்டும். அன்னிக்கே சேர்த்துக்கறேன்."

நீ சந்தனம் பூசினாயே, அது என்ன பூச்சிக்கடியா, அதே கிருமி எனக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது, உன் கையில் போட்டால் உனக்கும் தடிக்கும், அப்போது உன்னை யார் வீட்டை விட்டு அனுப்புவார்கள் என்று கத்தினேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்குள் சேதி தெருவில் பரவி, மற்ற மூன்று வீடுகளிலும் அக்காவை நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்று வீட்டில் இரண்டில் ஒருவர் வருஷம் முழுக்க இருமிக்கொண்டிருப்பார். அவர்களுக்கு அது 'தூசி அலர்ஜி'. நம் வீட்டு இருமலுக்கும் வேலைக்காரி இருமலுக்கும் நாம் வைத்திருக்கும் பேரே வேறு.

அக்கா வீட்டிலிருந்தபடியே மயிலாப்பூர்ப் பூக்கடைக்குப் பூக்கட்டிக் கொடுத்தாள். நான் சாப்பாட்டுச் சாமான் ஏதாவது கொண்டுபோனால் வாங்க மாட்டாள். பாவத்துக்குப் பரிகாரம் பண்ணுகிறாயா என்று நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கேட்டது உண்மைதான். அதன்பிறகு வெறுங்கையோடு போய், பூக்கட்டக் கூட உட்கார்ந்தேன். நான் கட்டினதை அவிழ்த்து அவள் திரும்பக் கட்டுவாள்.

முதல் மாசம் படாத பாடு பட்டாள். வாந்தி, மூட்டுவலி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் ஒன்றுக்குப் போவது ஆரஞ்சு நிறமாகும் என்று நான் முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டேன். ரத்தம் போகிறது என்று பயந்து பெண்ணை டெலிபோன் பூத்துக்கு ஓடவிட்டு ஆபீசுக்குப் போன் போட வைத்தாள். விஷயம் தெரிந்ததும், கல்யாணத்தில் கொடுக்கிற கலர் சோடா மாதிரி போகிறது பாப்பா என்று மாத்திரை வரிசையில் நிற்கிற மற்றப் பெண்களுக்கும் சேர்த்து வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். மாத்திரையை மட்டும் ஒரு நாள் விடவில்லை. ஜூனில் பருவம் தப்பிக் கொட்டிய மழையில் ஊரே வெள்ளக்காடாக இருந்தபோது முழங்கால் தண்ணீரில் நடந்து போய் வாங்கி வந்தாள்.

மூன்றாவது மாசம் எங்கள் ஆய்வுக்காக ரத்தம் கொடுக்கச் சம்மதித்தாள். ஆறு நாள் கழித்து, என்னுடையதைக் காட்டு என்று நேரே லேபுக்கு வந்துவிட்டாள். மேடம் அனுமதித்தார். மூடிய தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து முதலில் மேல் வரிசையைக் காட்டினேன்.

"இது யாருது?"

"என்னுதுக்கா."

"அதான் கும்பலா கீது. வம்புக்குப் போறதுங்க." பிறகு கீழ் வரிசைக்கு நகர்த்தினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுடையவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. "என்னுது இன்னா, தனித்தனியா குந்திக்கினு கீது?"

மறைக்கக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். கிருமியை அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை, மற்றவர்களைக் கூப்பிடும் அணுக்கள்தான் குறைந்துபோய்விட்டன, அதனால் சேரவில்லை என்றேன். அக்கா கண்ணை எடுக்கவில்லை.

"ஓடிப் போவலல்ல? கீதுங்கல்ல?" என்றாள். "போதும்."

நான் அந்த லேபில் இருந்த வருஷங்களில் எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து அந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எத்தனையோ சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான். ரிப்போர்ட்டில் நான் எழுதியது 'எதிர்வினை இல்லை' என்று. விதிப்படி அப்படித்தான் எழுத வேண்டும்.

ஆறாவது மாசம் முடிந்தபோது கட்டி கரைந்திருந்தது, இருமல் நின்றிருந்தது. போன எடை பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. கார்டை முடித்து வாங்க அக்காவோடும் அவள் பெண்ணோடும் நானும் போனேன். கார்டு எழுதுகிறவர் கடைசிக் கட்டத்தில் 'சிகிச்சை முடிந்தது' என்று எழுதி நீட்டினார். அக்காவின் பெண் அதை வாங்கிப் படித்துக் காட்டினாள்.

'குணம்' என்று எழுதவில்லையே என்று அக்கா கேட்டாள். அவர் விதியைச் சொன்னார். முதலில் சளியில் கிருமி இருந்து, கடைசியில் இல்லாமல் போனவர்களுக்குத்தான் 'குணம்' என்று எழுத வேண்டும். உனக்கு முதலிலிருந்தே சளியில் கிருமி இல்லை. கட்டியில்தான் இருந்தது. அதனால் 'முடிந்தது' என்றுதான் போடலாம். அவர் சொன்னது முழுக்கச் சரி. எனக்கும் அந்த விதி தெரியும். ஆனால் அம்மா கேட்டது முடிந்ததா என்று இல்லையே. முடிந்தது என்றால் எங்கள் தெருவில் அதற்கு எத்தனை அர்த்தம் பண்ணுவார்கள்? நான் சொல்லிப் பார்த்தேன், குரலை உயர்த்திப் பார்த்தேன், அவர் அசையவில்லை. நாளைக்கு மேடத்திடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம் வா என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வரவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுதினால்தான் எழுந்திருப்பேன் என்றாள். பதினோரு மணிக்கு உட்கார்ந்தவள். சாப்பாட்டு நேரம் ஆயிற்று, வரிசை கலைந்தது, பெருக்குகிற அம்மா வந்து காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள், திரும்ப வைத்தாள். சண்டை போடவில்லை. யாரையும் திட்டவில்லை. நான் இரண்டு தரம் டீ வாங்கி வந்தேன். மூன்று மணிக்கு, முதல் நாள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்ட அதே டாக்டர் வெளியே வந்தார். அவருக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மாறியிருந்தாள். என்ன வேணும் என்றார்.

"இந்த வியாதி எனுக்குப் போயிடுச்சா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு சார்."

அவர் கார்டைப் புரட்டினார். அப்போதுதான் பேரைப் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார், இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. "டிபி குணமாயிடுச்சும்மா" என்றார்.

"அப்ப அத்தயே எழுது."

நின்றபடியே கார்டைச் சுவரில் வைத்து, 'காசநோய் முற்றிலும் குணமானது' என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரப்பர் ஸ்டாம்பும் வேண்டும் என்றாள் அக்கா. உள்ளே போய் அதையும் குத்திக்கொண்டு வந்தார்.

அங்கிருந்து நேரே மயிலாப்பூர். சாயங்காலப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த அம்மா அக்காவைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போய், பிறகு வெட்கப்பட்டு முன்னால் வந்தாள். உள்ளே குழந்தைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அக்கா வாசலிலேயே நின்று கார்டை நீட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். ஸ்டாம்பைத் தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"ரொம்ப சந்தோஷம்டி. நாளைக்குக் காலம்பறலேர்ந்தே வந்துடு" என்றாள் அம்மா.

அக்கா கார்டைத் திரும்ப வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேலைக்கு வர்ல மாமி. ஆழ்வார்பேட்டைல ஒரு ஆஸ்டல்ல சமையலுக்கு சேந்துட்டேன். இத்த காட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."